ரிவர்ஸில் கத்தும் வண்டி

எங்கள் வண்டி நேராகப் போகும்வரை பரம சாது. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுசாக ஒடித்து, மெதுவாகப் பின்னால் எடுத்துவிட்டால்தான் வம்பு. வால் மிதிபட்ட பூனை மாதிரி ஒரு கீச்சல் போடும். தெருவில் போகிறவர்கள் நின்று, எதன் மேல் ஏற்றிவிட்டோம் என்று டயருக்கு அடியில் குனிந்து பார்ப்பார்கள்.

டிரைவிங் டெஸ்டில் பாஸாக வேண்டுமென்றால், ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து மெதுவாகப் பின்னால்தான் எடுத்தாக வேண்டும்.

என் மனைவி இரண்டு தடவையும் அங்கேதான் கோட்டைவிட்டாள். வண்டி கத்தியதும் திடுக்கிட்டுக் கிளட்சிலிருந்து காலை எடுத்திருக்கிறாள். எஞ்சின் நின்றிருக்கிறது. ஆபீசர் இறங்கிப் போயிருக்கிறார். "எஞ்சின் பெல்ட்டு கத்தறதுதாங்க காரணம்" என்று அவள் சொன்னபோது நான் அதைச் சொந்தக்காரர்கள் நடுவில் ஜோக்காக்கினேன். "பாஸானா டிரைவர் கெட்டிக்காரி, ஃபெயிலானா பெல்ட் மோசம்." எல்லோரும் சிரித்தார்கள். அவள் தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று உள்ளே போனவள் வெகுநேரம் திரும்பி வரவில்லை.

அவள் நர்ஸ். ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு, வீடு வீடாகப் போய், படுக்கையில் கிடப்பவர்களுக்குக் கட்டு மாற்றும் வேலைக்குக் கேட்டிருந்தாள். கொடுத்துவிட்டார்கள். ஒரே நிபந்தனை, வண்டியைத் தானே ஓட்டிப் போக வேண்டும். இந்த வாரத்துக்குள் லைசென்ஸ் வராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாவது டெஸ்ட் இன்று மூன்று மணிக்கு.

நேற்று சாயங்காலம் வீட்டுக்கு வெளியே நான்கு பிளாஸ்டிக் வாளிகளை நிறுத்தி, நடுவில் வண்டி நுழைய இடம் விட்டு, சாவியை என்னிடம் நீட்டினாள்.

"நீங்க ஒரு தடவ எடுத்துக் காட்டுங்க. பாத்துக்கறேன்."

அவள் குரலில் அவ்வளவு பணிவு இருந்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஏறி உட்கார்ந்தேன். ஒடித்தேன். வண்டி கத்தியது. என் கால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கிளட்சை விட்டது. வண்டி ஒரு துள்ளுத் துள்ளி நின்றது. வாளிகளில் ஒன்று அதன் பிறகு வாளியாக இல்லை.

மாமனார் விசில் ஊதினார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைதான் போயிற்று, விசில் இன்னும் சட்டைப் பையில் இருக்கிறது.

இன்று காலையில் கடை திறந்ததும் இரண்டு பெல்ட்டுகளை வாங்கிவிட்டேன். மெக்கானிக் "விட்டுட்டுப் போங்க, நாளன்னைக்கு எடுத்துக்கலாம்" என்றார். டிரைவிங் ஸ்கூல் வண்டியின் கிளட்ச் அவள் காலுக்கு ஒத்துவராது. ஆகவே, "நானே மாத்தறேன்" என்று ஒரு குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அது என் குரல்.

பானெட்டைத் திறந்து பேட்டரி ஒயரைக் கழற்றினேன். எஞ்சினின் முன்னால் ஒரு பெல்ட், அதற்குப் பின்னால் இன்னொன்று. முன்னால் இருப்பது ஸ்டியரிங் பம்பைச் சுற்றுவது, முழுசாக ஒடித்தால் பாரம் இதன் மேல்தான். பின்னால் இருப்பது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரையும் தண்ணீர் பம்பையும் சுற்றுவது. முன்னதைக் கழற்றாமல் பின்னதைத் தொட முடியாது. இரண்டையும் கழற்றி மடக்கிப் பார்த்தேன். உள்பக்கம் கண்ணாடிபோலத் தேய்ந்து பளபளத்தது. மடக்கிய இடத்தில் குதிகால் வெடிப்புபோல வரிசையாகப் பிளவுகள்.

மாமனார் பக்கத்தில் ஸ்டூல் போட்டு டார்ச்சுடன் உட்கார்ந்திருந்தார்.

"மாமா, லைட்ட இந்தப் பக்கம் காட்டுங்க."

"காட்டிட்டுத்தானே இருக்கேன்."

"அது என் கண்ணு மாமா."

"கோவிச்சுக்காதீங்க மாப்ளே. அத்தனை வருஷம் வண்டியில இருந்தேன், ஒரு நாளாவது முன்பக்கம் பாத்திருப்பேனா? எனக்கு எல்லாம் பின்னாடி படிக்கட்டுதான்."

என் மனைவி சாப்பாட்டு மேசை நாற்காலியை வெளியே இழுத்துப் போட்டு, ஒரு பாத்திர மூடியை ஸ்டியரிங்காகப் பிடித்து உட்கார்ந்திருந்தாள். மூடியை முழுசாக ஒடிப்பாள், தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பாள், இல்லாத கிளட்சை மெல்ல விடுவாள். பிறகு எழுந்து போய்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வருவாள்.

"ஆச்சா?"

"ஆச்சு."

மறுபடி மூடி, மறுபடி தோள், மறுபடி கடிகாரம்.

"ஆச்சா?"

"ஆயிட்டே இருக்கு."

ஆகவில்லை. ஆல்டர்னேட்டர் போல்ட் துருப்பிடித்து உட்கார்ந்திருந்தது. நான் ஸ்பேனரில் தொங்கினேன். அது நகராமல் நான் நகர்ந்தேன். விரல் முட்டியில் தோல் பிய்ந்தது. அவள் மூடியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வந்து, பிளாஸ்திரி ஒட்டிவிட்டுத் திரும்பப் போனாள். பிளாஸ்திரி கோணலாக இருந்தது. தினமும் கட்டுப் போடுகிறவள் ஒட்டியது.

ஒருவழியாகப் போல்ட் மனம் இளகியது. புது பெல்ட்டுகளை மாட்டி, கம்பியால் நெம்பி இழுத்துப் பிடித்து முறுக்கினேன். நடுவில் அழுத்தினால் ஒரு விரல் கனம் உள்ளே போக வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார்.

"ஒரு விரல்னா யாரு விரல்?" என்றார் மாமனார்.

நியாயமான கேள்வி. கடைக்காரர் விரலை நான் சரியாகப் பார்த்து வைத்திருக்கவில்லை. என் விரலையே நம்பினேன்.

பேட்டரி ஒயரை மாட்டினேன். அவள் ஏறி சாவியைத் திருப்பினாள். எஞ்சின் மட்டும் மெல்ல முனகியது, வேறு சத்தமே இல்லை. நான் கைகளைத் துடைத்துக்கொண்டு, பாராட்டு வந்தால் வாங்கிக்கொள்ள வசதியான இடத்தில் நின்றேன். அவள் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தாள்.

அதே கீச்சல். இன்னும் இளமையாக, புதுக் குரலில்.

மாமனார் டார்ச்சை அணைத்தார். அவள் எஞ்சினை நிறுத்தி, இறங்கி, அப்பாவிடமிருந்து டார்ச்சை வாங்கி உள்ளே குனிந்து பார்த்தாள்.

"சக்கரத்துப் பள்ளத்துல வெள்ளையா இருக்கே, அது என்ன?"

அது நான் பல மாதங்களாகப் பார்த்த வைத்தியம். சத்தம் வரும்போதெல்லாம் பெல்ட்டில் சோப்புத் தேய்ப்பேன். சோப்பு கேட்காவிட்டால் மெழுகுவர்த்தி. அதுவும் கேட்காவிட்டால் முகப் பவுடர். ஒரு வாரம் அடங்கும், பிறகு கத்தும். எல்லாம் குழைந்து, பெல்ட் ஓடும் புல்லிகளின் பள்ளத்தில் பாலாடைபோல உறைந்து கிடந்தது.

"புண்ணைத் தொடைக்காம மேல புதுக் கட்டு போட்டிருக்கீங்க" என்றாள்.

"இப்பவே மணி..."

"கழட்டுங்க."

கழற்றினேன். அவள் தன் வேலைப் பையிலிருந்து ஸ்பிரிட்டும் பஞ்சுத் துணியும் எடுத்து வந்தாள். நான் ஸ்பேனரால் புல்லியை மெல்லச் சுற்ற, அவள் பள்ளத்துக்குள் துணியை விட்டுத் துடைத்தாள். முதல் துணி கறுப்பாக வந்தது. அடுத்தது சாம்பல் நிறம். வெளுப்பாக வரும்வரை விடவில்லை. புது பெல்ட்டுகளையும் என் கையையும்கூடத் துடைத்தாள். அப்போதுதான் கவனித்தேன். பிளாஸ்திரியைக் கோணலாக ஒட்டிய விரல்கள் இப்போது ஒரு பள்ளத்தைக்கூட விடவில்லை.

"அன்னிக்கு எல்லார் முன்னாடியும் அந்த ஜோக்கு..."

"பேசாம சுத்துங்க."

சுற்றினேன்.

இரண்டாம் தடவை மாட்டி, அவள் இடமும் வலமும் முழுசாக ஒடித்தபோது வண்டி மூச்சுக் காட்டவில்லை. வாளி வைத்து ஒத்திகை பார்க்க நேரமில்லை. பானெட்டைப் படாரென்று சாத்தினேன். மாமனார் பின் சீட்டில் ஏறி, "போலாம், ரைட்" என்றார்.

டெஸ்ட் மைதானத்துக்குள் சொந்தக்காரர்களை விடமாட்டார்கள். சுற்றிலும் என்னைவிட உயரமான சுவர். முன்பு இரண்டு தடவையும் நான் இந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுதான் முடிவைத் தெரிந்துகொண்டேன். முதலில் கீச்சல், பிறகு நிசப்தம். அவ்வளவுதான் விஷயம்.

இன்று ஆரம்பத்திலிருந்தே நிசப்தம்.

நான் சுவரோரம் நடந்தேன். திரும்பினேன். மறுபடி நடந்தேன். மாமனார் சுவரில் காதை வைத்தார்.

"மாப்ளே, ஓடுதா, நின்னுடுச்சா?"

"தெரியல மாமா."

"கத்தினா தெரிஞ்சிருக்கும்."

"கத்தக் கூடாதுன்னுதானே மாத்தினோம்."

"அது சரிதான். இருந்தாலும் ஒரு தகவல் இல்லாம இருக்கே."

பின்னால் எடுக்கும் நேரம் வந்திருக்கும். என் வலது கால் தானாகவே இல்லாத கிளட்சை அழுத்தியது. கிளட்ச் இடது காலுக்கு என்பதுகூட மறந்துபோயிற்று. சுவருக்கு அப்பால் ஒன்றுமே இல்லை. நின்றுவிட்டது, முடிந்தது, அடுத்த ஆளைக் கூப்பிடப் போகிறார்கள் என்று முடிவு செய்து, என்ன சொல்லித் தேற்றலாம் என்று யோசித்தேன். நான் இதுவரை தேற்றியதில் யாரும் தேறியதில்லை.

கிணுங்.

மிகச் சின்னச் சத்தம். மறுபடி ஒரு கிணுங், கொஞ்சம் தள்ளி.

"என்ன மாப்ளே, மணியா?"

பேட்டரி ஒயரை இறுக்கிய சின்ன ஸ்பேனர். இறுக்கிவிட்டு ரேடியேட்டருக்கு மேலே இருக்கும் பட்டையில் வைத்தேன். எடுத்ததாக ஞாபகம் இல்லை. பானெட்டைச் சாத்தியதுதான் ஞாபகம். வரும் வழியில் ரோட்டு இரைச்சலில் காதில் விழவில்லை.

கிணுங். இடமிருந்து வலமாக, மெதுவாக, மிக மெதுவாக. கொஞ்சம் நின்றது. நானும் மூச்சை நிறுத்தினேன். பிறகு வலமிருந்து இடமாகக் கிணுங்.

"ஓடுது மாமா. வண்டி ஓடுது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் ஒரு தப்பு பண்ணியிருக்கேன்."

அவர் என் தோளைத் தட்டினார். எதற்கென்று அவருக்கும் தெரியாது.

கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தமும் நின்றது. நான் சுவரையே பார்த்து நின்றேன். முதுகுக்குப் பின்னால் ஹாரன் அடித்தது. சத்தமில்லாத வண்டியில் இது ஒரு தொல்லை, வருவது தெரியாது. ஸ்டியரிங்கில் அவள். பக்கத்து சீட் காலி.

"ஏறுங்க. பின்னாடி."

ஏறினோம். அவள் முகத்திலிருந்து ஒன்றும் படிக்க முடியவில்லை. தெருமுனை தாண்டியதும் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

"ஆபீசர் கேட்டாரு, வண்டியில என்னம்மா மணி அடிக்குதுன்னு."

"நீ என்ன சொன்ன?"

"வீட்டுக்காரர் காலையில சர்வீஸ் பண்ணாருன்னு சொன்னேன். என்னையே ஒரு நிமிஷம் பாத்தாரு. அப்புறம் கையெழுத்துப் போட்டுட்டாரு."

மாமனார் மூக்கை உறிஞ்சினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ஆபரேஷன்ல கத்தரிக்கோல் எல்லாத்தையும் எண்ணிப் பாத்துட்டுதாங்க தைப்போம்" என்றாள். "இருங்க, நிறுத்தறேன். போய் எடுங்க."

ஓரத்தில் இரண்டு வேன்கள் நின்றன. நடுவில் ஒரு வண்டிக்கு மட்டும் இடம். கொஞ்சம் தள்ளிப் போனால் தெருவே காலியாக இருந்தது. அவள் அங்கே போகவில்லை. முழுசாக ஒடித்தாள், தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தாள், மெதுவாகப் பின்னால் எடுத்து அந்த இடைவெளியில் நிறுத்தினாள். கிணுங் என்றது, அவ்வளவுதான்.

இறங்கிப் பானெட்டைத் திறந்தேன். ஸ்பேனர் வைத்த இடத்திலிருந்து நழுவி, விளக்குக்குப் பின்னால் ஒரு பொந்தில் சுகமாகப் படுத்திருந்தது. சுட்டது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

அவள் எஞ்சினைக் கிளப்பி, கியரைப் போட்டாள். மாமனாருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. பையிலிருந்து விசிலை எடுத்து முழு மூச்சில் ஊதினார். மூடிய வண்டிக்குள் அது பழைய பெல்ட்டைத் தோற்கடித்தது. நான் துள்ளியதில் தலை கூரையில் இடித்தது.

அவள் கால் கிளட்சிலிருந்து அசையவில்லை.