வத்தலக்குண்டில் காத்திருக்கும் நேரம்

பஸ் டிரைவர்களிடம் நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று புதுச் சட்டம் வந்திருந்தது. டிரைவர் நூர் அகமதுவுக்கு ஒரு சந்தேகம். வத்தலக்குண்டில் அடுத்த டிரிப்புக்காகக் காத்துக் கிடப்பது வேலையா, ஓய்வா? முதலாளி அதை ஓய்வு என்றார்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குச் சோதனைக்கு வந்த தொழிலாளர் இன்ஸ்பெக்டரிடம் நூர் அகமது கேட்டே விட்டார்.

"அந்த நேரத்துல பஸ்ஸை விட்டுட்டு எங்கயாச்சும் போவீங்களா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எப்படி சார் போக? ஆளுக ஏறிக்கிட்டிருப்பாங்க. முதலாளி வஞ்சுருவாரு."

"அப்ப அது வேலைதான்."

முதலாளியிடமும் இன்ஸ்பெக்டர் அதையே சொல்ல, மறுவாரம் நூர் அகமதுவின் எட்டு மணி நேரம் முடிந்ததும் மாலை டிரிப்புக்கு வேறு டிரைவர் வந்தார்.

வெயில் தாழுமுன் வீடு வந்தவரைப் பார்த்து மனைவி சைதூன் பதறினாள். "என்னங்க, வண்டி மோதிருச்சா?"

"வண்டி ஓடிக்கிட்டிருக்கு. நாந்தான் இறங்கிட்டேன்."

பிறகு என்ன செய்வதென்று தெரியாமல், பகல் வெளிச்சத்தில் தன் வீட்டையே சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.