உப்புக்கொத்தியின் மூன்று முட்டைகள்

பன்னிரண்டு நாளாகச் சேற்றில் உழன்றும் ஒரு கூடுகூடக் கண்ணில் படவில்லை. அன்று மாலை ஐந்து மணிக்குள் அறிக்கை போயாக வேண்டும். ஒரே ஒரு உப்புக்கொத்திப் பறவை இந்தச் சதுப்பில் முட்டையிட்டிருந்தால் போதும், நடுவே வரப்போகிற சாலையை வேறு பக்கம் திருப்பியே ஆக வேண்டும், அது சட்டம். இல்லையென்றால் அடுத்த வாரமே மண் லாரிகள் வந்து நிற்கும்.

என்னோடு தேடியவன் என் மனைவியின் தம்பி. வேலையில் சேர்த்துவிட்டவன் நான். ஆள் கொஞ்சம் வெகுளி, ஆனால் என்னைவிட அவனுக்குத்தான் இந்தச் சதுப்பு என்றால் உயிர்.

மூன்று மணிக்கு எங்கள் முன்னால் ஒரு பறவை இறக்கையை இழுத்துக்கொண்டு தத்தித் தத்தி ஓடியது.

"அத்தான், பாவம், அடிபட்டிருக்கு!"

"அடியும் இல்ல, மண்ணும் இல்ல. நாடகம் போடுது. அது பின்னாடி போனா நீ ஏமாந்த. கூடு எதிர்ப்பக்கம் இருக்கு."

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பறவையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பின்வாங்கினேன். காலடியில் ஏதோ நொறுங்கியது.

மூன்று முட்டைகள். மூன்றும் போயின. புதிதாகச் சேருபவர்களுக்கு வருஷா வருஷம் வகுப்பெடுப்பவன் நான். முதலில் காலடியைப் பார், பிறகு பறவையைப் பார் என்பதுதான் என் முதல் பாடமே. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "பரவால்ல அத்தான். உடைஞ்சாலும் கூடு கூடுதானே? எழுதிட்டா ரோடு நின்னுடும்."

நிற்கும்தான். ஆனால் எப்படி உடைந்தது என்று எழுத அறிக்கை ஃபாரத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. படமும் ஒட்ட வேண்டும். என் பூட்ஸ் தடமோ பளிச்சென்று பதிந்திருந்தது. இருபது வருஷ மானம் ஒரே நாளில் கப்பலேறிவிடும்.

ஜீப்பின் முன்மூடி மேல் ஃபாரத்தை வைத்து, கூடுகள் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இன்னொரு கையெழுத்தும் வேண்டும். அவனிடம் நீட்டினேன்.

தூரத்தில் அந்தப் பறவை திரும்பி வந்து, உடைந்த ஓடுகளின் மேல் உட்கார்ந்தது. இருவரும் பார்த்தோம்.

"அக்காகிட்ட சொல்லிடாதே," என்றேன்.

பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டான்.

"அக்கா முகத்துக்காகத்தான் போடுறேன், சார்," என்றான்.