பழுப்பு ஜோடியின் முட்டை

எங்கள் வீட்டு மாடி அறையில் முப்பத்தாறு கூண்டுகள். எல்லாமே ஃபிஞ்ச் குருவிகள். கட்டைவிரல் அளவு உடம்பை வைத்துக்கொண்டு அவை போடும் கூச்சலுக்காக எதிர்வீட்டுக்காரர் இரண்டு முறை சண்டைக்கு வந்தார். மூன்றாம் முறை வந்து, தன் மகளுக்கென்று ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு போனார். என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். கண்ட கண்ட கட்டடமெல்லாம் ஏறி இறங்குவார், இந்த மாடிக்கு மட்டும் வர மாட்டார். தும்மல் வரும் என்பார். வேலை வரும் என்பதுதான் நிஜம்.

குருவிகளில் நல்ல விலைக்குப் போவது கலர் குருவி. ஊதா நெஞ்சு, மஞ்சள் வயிறு, பச்சை முதுகு. அழகுக்கும் பொறுப்புக்கும் ஏழாம் பொருத்தம் என்பதை அதனிடம்தான் கற்றேன். முட்டையிடும், இரண்டு நாள் உட்காரும், பிறகு மகாராணிக்கு அலுத்துவிடும். அதனால் அதன் முட்டைகளை எடுத்துப் பழுப்புக் குருவி ஜோடியின் கூட்டில் வைத்துவிடுவோம். பழுப்புக்குப் பார்க்க லட்சணமில்லை, ஆனால் கூழாங்கல்லை வைத்தாலும் அடைகாக்கும். தன் முட்டை எது, பிறத்தியார் முட்டை எது என்று கேட்காது. கலர் குஞ்சு தலை தூக்கிப் பறக்கும்வரை ஊட்டிக்கொண்டே இருக்கும்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்க வேண்டும். பழுப்பு ஜோடி தான் இட்ட முட்டைகளை ஒன்று விடாமல் எடுத்துவிட வேண்டும். இரண்டுமே வெள்ளை, ஆகவே கலர் முட்டைகளில் நான் பென்சிலால் புள்ளி வைப்பேன். புள்ளி இல்லாததை எடுத்துப் பூந்தொட்டி மண்ணில் உடைத்து ஊற்றிவிடுவேன். பத்து வருஷமாகச் செய்கிறேன். ஒருநாளும் மனசு கூசியதில்லை.

என் மகளும் அப்படித்தான் இந்த வீட்டுக்கு வந்தாள். பிறந்த பதினெட்டாம் நாள் என் கைக்கு வந்தவள், இப்போது ஒன்பது வயது. பெற்றவள் என் நாத்தனார். புருஷன் விட்டுப் போன அடியில், குழந்தை வீல் வீலென்று கத்தினாலும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டவள். “எடுத்துட்டுப் போங்க அண்ணி, என்னால முடியல” என்று அவள் வாயால்தான் சொன்னாள். குழந்தைக்கு இது தெரியாது. நான் அம்மா, அவள் எப்போதாவது பிஸ்கட் பாக்கெட்டோடு வந்து போகும் அத்தை.

முப்பத்தொன்பது வயதில், எல்லா டாக்டரும் கையை விரித்த பிறகு, நான் வாயும் வயிறுமானேன். ஐந்தாம் மாதம் நாத்தனார் பெட்டியோடு வந்து இறங்கினாள். சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். ஒரு மாதம் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். ஒத்தாசைக்கு வந்திருக்கிறாள் என்று வீட்டுக்காரர் பூரித்துப்போனார். மூன்றாம் நாள், நான் தினை புடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அண்ணி, உங்களுக்குன்னு ஒண்ணு வரப்போகுது. என்னோடதை எங்கிட்டயே குடுத்துடுங்க.”

நான் புடைப்பதை நிறுத்தவில்லை. பயத்தைக் காட்டினால் தலைமேல் ஏறி உட்காருவாள் என்று தெரியும்.

“குடுக்கறதுக்கு அது என்ன, நீ மறந்து வெச்சுட்டுப் போன குடையா?” என்றேன்.

“அப்போ எனக்கு உடம்பும் சரியில்ல, மனசும் சரியில்ல.”

“இப்போ எனக்கு ரெண்டும் சரியா இருக்கு. அவ எங்கேயும் வர மாட்டா.”

அதோடு விட்டிருக்கலாம். விடுகிற சுபாவம் எனக்கு இல்லை. அவளை மாடிக்குக் கூட்டிப்போய்ப் பழுப்பு ஜோடியின் கூட்டுப் பெட்டியைத் திறந்து காட்டினேன். அதில் பழுப்பு இட்ட முட்டை மூன்று, அன்று காலை நான் வைத்த கலர் முட்டை நான்கு.

“புள்ளி இருக்கிறதை விட்டுடு. இல்லாததை எடுத்து அந்தப் பூந்தொட்டியில உடைச்சுப் போடு. ஒண்ணு மிச்சமிருந்தாலும் போச்சு. சொந்தக் குஞ்சு ரெண்டு நாள் முன்னாடியே பொரிச்சு, பெரிசா வாயைப் பொளந்து அத்தனையும் வாங்கித் தின்னுடும். மத்ததெல்லாம் பட்டினி கிடந்தே செத்துடும். புரியுதா? வளர்க்க வந்தவளுக்குச் சொந்தமா ஒண்ணும் இருக்கக் கூடாது.”

கடைசி வாக்கியத்தைச் சொன்ன பிறகுதான், அது யாருக்குப் பொருந்துகிறது என்று உறைத்தது. அவளைக் குத்துவதற்காக எடுத்த ஊசி. அவள் என் வயிற்றைப் பார்த்தாள். குனிந்து முட்டைகளை எடுக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் காலை எனக்கு உதிரம் கண்டது. டாக்டரம்மா மூன்று வாரம் படுக்கையைவிட்டு எழக் கூடாது என்றுவிட்டார். மாடிப்படி பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாதாம். குருவிகளை நாத்தனாரும் மகளும் பார்த்துக்கொண்டார்கள். வேளாவேளைக்கு அவித்த முட்டையை மசிப்பதும், தண்ணீர் மாற்றுவதும், மேலே இரண்டு பேரும் சேர்ந்து சிரிப்பதும் எனக்குக் கேட்கும். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. படுத்தபடியே வயிறெரிந்தேன்.

“குஞ்சு பொரிச்சிருச்சா?” என்று மகளிடம் கேட்பேன்.

“எல்லாம் அத்தை பார்த்துக்கறாங்கம்மா,” என்பாள். முதலில் துள்ளிக்கொண்டு சொன்னவள், மூன்றாவது வாரம் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

இருபத்திரண்டாம் நாள் டாக்டரம்மா நடக்கலாம் என்றதும் நேரே மாடிக்குத்தான் போனேன். மகள் பழுப்பு ஜோடியின் கூண்டுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். கூட்டுப் பெட்டியைத் திறந்தேன். கொழுகொழுவென்று ஒரு பழுப்புக் குஞ்சு; கழுத்துப் பை புடைத்துக்கொண்டு, உள்ளே தினை தெரிந்தது. அதன் காலடியில் நான்கு கலர் குஞ்சுகள். காய்ந்த வெங்காயத் தோல் மாதிரி இருந்தன. கலர் குஞ்சுகளின் வாயோரத்தில் நீல மணிகள் இருக்கும், இருட்டில் தாய்க்கு வாய் தெரிவதற்காக. செத்த பிறகும் அந்த மணிகள் பளபளவென்று இருந்தன.

“எப்போ செத்துச்சு?”

“ஒவ்வொண்ணா,” என்றாள் மகள். “கடைசியா இருந்தது முந்தாநாள். கத்திக்கிட்டே இருந்துச்சு. உங்கிட்ட சொல்லலாம்னேன். இந்த மாதிரி நேரத்துல கெட்டது சொல்லக் கூடாதுன்னு அத்தை சொன்னாங்க.”

நாத்தனார் வாசலில் வந்து நின்றாள். முகத்தில் குற்றம் செய்தவளின் சாயல் துளியும் இல்லை.

“ஒரு முட்டையை விட்டுட்டியா?” என்றேன்.

“தெரிஞ்சேதான் விட்டேன். நீங்க சொல்லிக் குடுத்ததுதானே. அவளும் ஒரு தடவை கண்ணால பார்க்கட்டும்னு நெனச்சேன்.”

மகள் ஸ்டூலைவிட்டு இறங்கவில்லை. “அம்மா, சொந்தக் குஞ்சு வந்ததும் மத்ததை விட்டுடுமா?”

“இல்லடி. பெரிய வாய்க்கு முதல்ல போகும், அவ்வளவுதான். குருவிக்கு அதெல்லாம் தெரியாது.”

“நானும் அத்தைக்குப் பொறந்தவளாமே.”

ஒன்பது வருஷம் பொத்திப் பொத்தி வைத்திருந்தது. அமைதியாக, கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தாள். எனக்குக் கண்மண் தெரியவில்லை. நாத்தனாரை அறைந்திருந்தால்கூட இவ்வளவு கேடு வந்திருக்காது. என் மகளுக்கு நான் நிரூபிக்க வேண்டும், அந்த நிமிஷமே, அங்கேயே. அது ஒன்றுதான் தலைக்குள் இருந்தது. அந்தப் பழுப்புக் குஞ்சைக் கையில் எடுத்தேன். சூடாக இருந்தது. தீனிதான் வருகிறது என்று நினைத்து வாயைத் திறந்தது.

“இங்க பாரு. நல்லாப் பாரு. எனக்குச் சொந்தமாவது, மண்ணாவது. உன்னைப் பட்டினி போடறது எதுவா இருந்தாலும் நான் இதைத்தான் செய்வேன்.”

கூண்டுத் தட்டுகள் கழுவும் வாளியில் போட்டு, மூழ்கும்வரை விரலால் அழுத்திப் பிடித்தேன். நெடுநேரம் ஆகவில்லை. மகள் கண்ணை மூடவில்லை. நல்லாப் பாரு என்று நான் சொன்னதால், நன்றாகப் பார்த்தாள்.

சாயங்காலம் நாத்தனார் பெட்டியைக் கட்டினாள். வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். லிஃப்ட் நடுவில் நின்றால் அவருக்கு என்ன செய்வதென்று தெரியும், வீடு நின்றால் தெரியாது. நாத்தனார் என் மகளின் முன்னால் மண்டியிட்டாள்.

“எங்கூட வந்துடுடா கண்ணு. இவங்களுக்கு இனிமே பாப்பா இருக்கு.”

மகள் அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என் வயிற்றைப் பார்த்தாள்.

“நான் வரல அத்தை. இங்கயே இருக்கேன்.”

“ஏன்டா?”

“பாப்பாவைப் பார்த்துக்கணும்.”

நாத்தனாரின் முகம் செத்துப்போனது. தெருமுனை திரும்பும்வரை அவள் அழுதுகொண்டே போனாள். பொய் சொல்ல மாட்டேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வாசற்கதவைச் சாத்திவிட்டு அதில் முதுகைச் சாய்த்து, வாய்விட்டுச் சிரித்தேன். பதினெட்டு நாள் அவளிடம் இருந்தாள், ஒன்பது வருஷம் என்னிடம். கணக்கு தீர்ந்தது என்று நினைத்தேன்.

அன்று மகளுக்கு நானே சாப்பாடு போட்டேன். அவளுக்குப் பிடித்ததெல்லாம் தட்டு நிறைய வைத்தேன். பாதியை ஓரமாக ஒதுக்கி வைத்தாள். மீதியிலும் நாலு வாய்தான் சாப்பிட்டாள்.

“ஏன்டி, பசிக்கலையா?”

“போதும்மா.”

ஒரு கவளம் உருட்டி நானே அவள் வாய்க்கு நேரே நீட்டினேன். சின்ன வயதில் இப்படி நீட்டினால் என் விரலையே கடிப்பாள். இப்போது வாயைத் திறக்கவில்லை. என் கையை மெதுவாகத் தட்டுக்கே கொண்டுபோய் வைத்தாள்.

“எனக்குக் கொஞ்சம் போதும்மா. நான் எதுவும் கேக்க மாட்டேன். பாப்பா எல்லாத்தையும் சாப்பிட்டாலும் எனக்குப் பசிக்காது. அதை மட்டும் வாளியில போட்டுடாத.”