குழிக்குள் போன யாழ்

செத்துப்போன தேம்ஸ் கழிமுகத்து ஓஸ்லாஃப் பிரபுவைக் கிடத்தக் குழிக்குள் மரத்தில் ஓர் அறையே கட்டியிருந்தார்கள். மறுமையில் அவருக்கு வேண்டுமே என்று வாள், வெண்கல அண்டா, கண்ணாடிக் கோப்பை இரண்டு, தேன்மது குடிக்கும் கொம்புகள் எல்லாம் உள்ளே போய்விட்டன. அத்தோடு நின்றிருக்கும். பிரபுவின் மண்டபத்துப் பாடகன் தில்பெர்த்தின் வாய்தான் கெடுத்தது. இதை அவனே ஒப்புக்கொள்வான்.

இரங்கல் பாட்டு மொத்தம் பன்னிரண்டு வரி. அதில் பிரபுவுக்கு நான்கு, தனக்கு எட்டு. ‘என் யாழைக் கேளாமல் ஒருநாளும் அவர் கண் மூடியதில்லை’ என்ற வரி நன்றாக வந்திருக்கிறதே என்று இரண்டு முறை பாடித் தொலைத்தான்.

பிரபுவின் மனைவி வில்பர்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப அதையும் உள்ள வைங்கப்பா."

தில்பெர்த் யாழை மார்போடு அணைத்துக்கொண்டான். யாழ் போனால் யார் அவனுக்குக் கஞ்சி ஊற்றுவார்கள்? ஏர் பிடிக்கத் தெரியாது, ஈட்டி பிடிக்கத் தெரியாது. தன்னைத்தானே புகழ்வது ஒன்றுதான் கைவந்த தொழில். யாழைக் காப்பாற்ற அந்தத் தொழிலையே மறுபடி செய்தான்.

"வைக்கலாம் தாயி. ஆனா யாழு தானா பாடுமா? என் கை பட்டாத்தானே அது பேசும்!"

சுற்றி நின்றவர்கள் அவன் கையைப் பார்த்தார்கள். பிறகு அவனைத் தலை முதல் கால் வரை அளந்தார்கள். பிரபுவின் தம்பி குத்வின் குழிக்குள் எட்டிப் பார்த்தான்.

"கால்மாட்டுல எடம் இருக்கு. கொஞ்சம் மடங்கிப் படுக்கணும், அவ்வளவுதான்."

தில்பெர்த் வில்பர்க்கின் காலில் விழுந்தான். "ஐயோ, பொய் தாயி! எனக்கு வாசிக்கவே வராது. பிரபு கேட்டுத் தூங்கல, தாங்க முடியாமத்தான் கண்ண மூடிக்குவாரு!"

மண்டபத்தில் பாடிய பதினான்கு வருடத்தில் அவன் வாயிலிருந்து வந்த முதல் உண்மை. உயிருக்கு மன்றாடும் அந்த நேரத்திலும், யாராவது ஒருவர் ‘அப்படியெல்லாம் இல்லப்பா’ என்பார் என்று எதிர்பார்த்தான், பாவி.

"தெரியும்ப்பா," என்றாள் வில்பர்க். "நானும் அதே மண்டபத்துலதான இருந்தேன்? உன்ன யாரு உள்ள எறங்கச் சொன்னா? அவரு அங்கயாவது நிம்மதியா இருக்கட்டும்."

"அப்ப யாழு தாயி?"

"அது அவருக்கா? இனிமேயாவது நாங்க தூங்கலாம்னுதான் வைக்கச் சொன்னேன்."

யாழ் இறங்கியது. மண் விழ விழ, தில்பெர்த் தேம்பித் தேம்பி அழுதான். பிரபு மேல் இத்தனை பாசமா என்று யாரோ தோளைத் தட்டிக்கொடுத்தார்கள். அதை மட்டும் அவன் மறுக்கவில்லை.