சனிக்கிழமை பிளீச்சிங் பவுடர்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். திருவொற்றியூர் மார்க்கெட் பக்கம் வந்து ரோஸ்மேரி வீடு எது என்று கேட்டால், சத்தம் வரும் வீட்டைக் காட்டுவார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை.

எங்கள் தெருவில் மிச்சமிருக்கும் ஒரே கிணறு எங்களுடையது. பூமிக்கடியில் ஏதோ ஒரு பழைய குழாய் கசிந்து, நான்கு வருஷமாகத் தண்ணீரின் மேல் டீசல் மிதந்தது. ஒரு வாளி இறைத்தால் கை மூன்று நாள் நாறும். லாரித் தண்ணீருக்குக் குடம் தூக்கி என் தோள்பட்டை போனதுதான் மிச்சம். என் வீட்டுக்காரர் லியோனார்ட் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்ந்தவர். முதுகு போனவரிடம் குடத்தைக் கொடுக்க முடியுமா? அந்தக் கிணறு எனக்குத் திரும்ப வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

பிப்ரவரியில் ரூத் வந்தாள். வியாசர்பாடிப் பெண், ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. எண்ணெயைத் தின்னும் கிருமி மண்ணிலேயே இருக்கிறது, அதைப் பெருக்கித் தண்ணீரில் விட்டு, காற்றும் கொஞ்சம் உரமும் கொடுத்தால் டீசலைத் தின்று தீர்த்துவிடும் என்றாள். கிணற்றுக்குள் ஒரு காற்றுக் குழாயை இறக்கினாள். மீன் தொட்டியில் வருவது போலக் குமிழி வந்தது. வியாழன்தோறும் வந்து பாட்டிலில் தண்ணீர் எடுத்துப் போவாள். சாப்பிடாமல் வந்தால் முகத்திலேயே தெரிந்துவிடும். இரண்டு இடியாப்பம் உள்ளே போகாமல் அவளை விடமாட்டேன்.

பின்தெருவில் டீசல் ஊறிய மண்ணிலும் அவள் இதே கிருமியை விட்டாள்; அது மூன்றே மாதத்தில் சுத்தமானது. எங்கள் கிணறு மட்டும் அப்படியே கிடந்தது.

“இன்னா கண்ணு, உன் பூச்சிங்க தூங்கினு கீதா?” என்று வாராவாரம் கேட்டேன்.

“ஒண்ணும் புரியல ஆன்ட்டி. வுடும்போது நல்லா கீது. அடுத்த வாரம் வந்து பாத்தா எல்லாம் செத்துக் கெடக்குது.”

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, அவளுடைய மேலதிகாரி ஜெகதீசனும் கூட வந்தார். ஆறு மாதம் பார்த்தாயிற்று, இனி மண்ணைக் கொட்டிக் கிணற்றை மூட வேண்டியதுதான் என்றார். ரூத் வேலை செய்த முறையில்தான் கோளாறு என்று அறிக்கை எழுதப் போவதாகவும் சொன்னார். என் கிணற்றை மூடுவதா? அவர் அதிகாரி, அவரைத் திட்ட முடியாது. தலை குனிந்து நின்றவளைப் பிடித்துக்கொண்டேன்.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். பூச்சி தானா செத்துப்போச்சாம். நீ இன்னாத்த வுட்டியோ, யாருக்குத் தெரியும்? என் கெணறு போச்சே.”

“சாரி ஆன்ட்டி” என்று மட்டும் சொல்லிவிட்டு, ரூத் காற்றுக் குழாயைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

விருட்டென்று உள்ளே போனேன். சனிக்கிழமை வேலை அப்படியே கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன் வீடு, வாசல், கிணறு மூன்றும் சுத்தமாக இருக்க வேண்டும். வீட்டைத் துடைத்து, வாசலைக் கழுவி, கிணற்றுக்கு ஒரு டம்ளர் பிளீச்சிங் பவுடர் போடுவேன். இருபத்தாறு வருஷப் பழக்கம். டீசல் வந்த பிறகு ஒரு டம்ளர் இரண்டானது; அழுக்குக் கூடினால் மருந்தும் கூட வேண்டாமா? டப்பாவில் இருந்து மொண்டு எடுத்தேன்.

கட்டிலில் படுத்திருந்த லியோனார்ட் தலையைத் தூக்கினார். “ஏ ரோஸி, அது கிருமிய கொல்ற மருந்துதானே?”

“பின்ன இன்னா, பாயசத்துலயா போடுவாங்க?”

“அந்தப் பொண்ணு வுட்டதும் கிருமிதானே?”

கையிலிருந்த டம்ளரைப் பார்த்தேன். அடிப்பாவி, என் கையாலேயே என் கண்ணைக் குத்திக்கொண்டேனே. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. கிணறு போகும், அவள் பெயர் கெடும், என் மானம் மட்டும் மிஞ்சும். வாசலில் தெருவே கூடி நின்றது, இவ்வளவு நேரம் நான் கத்தியதைக் கேட்ட தெரு. டம்ளரோடு வெளியே வந்தேன்.

“சார், பூச்சிங்கள கொன்னது நான்தான். வாராவாரம் ரெண்டு டம்ளர் இத்த போட்டுகினு இருந்தேன். இந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல.”

யாரோ சிரித்தார்கள். ரூத் டம்ளரை வாங்கி மோந்து பார்த்தாள். வியாழனுக்குள் வாசனை போய்விடும், அதனால்தான் தனக்குத் தெரியவில்லை என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் திட்டியிருந்தால் தேவலை. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஜெகதீசன் இன்னும் நான்கு மாதம் கொடுத்தார்; ரூத் மறுபடி கிருமியை விட்டாள். பிளீச்சிங் டப்பாவை அன்றே பக்கத்து வீட்டுக்குத் தள்ளிவிட்டேன்.

டிசம்பரில், மாநகராட்சியில் இருந்து கொசு ஒழிப்பு வேலைக்கு வரும் பொன்ராஜ் டார்ச் அடித்துக் கிணற்றை எட்டிப் பார்த்தார். நான்கு வருஷமாக மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போனவர்தான். டீசல் மிதக்கும் தண்ணீரில் கொசுப்புழு பிழைக்காது, அவருக்கு இங்கே வேலையே இருந்ததில்லை.

“இன்னாம்மா இது, தண்ணி முழுக்கப் புழு கீது. நோட்டீஸ் குடுத்தாவணும்.”

“இன்னொரு தபா சொல்லு நைனா.”

“கொசுப்புழும்மா. உயிரோட நெளிஞ்சுகினு கீது.”

நோட்டீசை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். ரூத்துக்குப் போன் செய்தேன். அவள் ஹலோ, ஹலோ என்கிறாள். எனக்கு அழுகைதான் வந்தது. லியோனார்ட்தான் போனை வாங்கி, “கெணத்துல புழு வந்துடுச்சும்மா” என்றார்.