சைரன் அக்கா வாயை மூடிய சுற்று

அக்காவின் தொண்டையைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைத் தொடங்க முடியாது. அவள் குத்துச்சண்டைப் பயிற்சியாளர். மேடை மூலையில் நின்று "இடது!" என்று ஒரு குரல் விட்டால், கூரைப் புறாக்கள் மூன்று ஊர் தாண்டித்தான் மூச்சு விடும். பயிற்சிக்கூடத்தில் அவளுக்குச் சைரன் என்றே பெயர். பதினொரு வருடமாக அந்தச் சைரன் பெரும்பாலும் ஊதியது கூடப் பிறந்த தங்கைக்காகத்தான்.

இன்று தங்கைக்குத் தேர்வுச் சண்டை. மூன்றே சுற்று. ஜெயித்தால் தேசிய அணி. தோற்றால் அடுத்த தேர்வுக்குள் வயது வரம்பு தாண்டிவிடும், அதோடு கடையைக் கட்ட வேண்டியதுதான்.

புதிதாக இந்த முறை தங்கையின் மார்பில் ஒரு பட்டையைக் கட்டியிருந்தார்கள். அது இதயத் துடிப்பை அளக்கும். கையுறைக்குள் இன்னொரு கருவி குத்தின் வேகத்தை அளக்கும். இரண்டையும் திரையில் பார்த்துச் சொல்ல ஓர் ஒல்லி மனிதர் வந்திருந்தார். வந்த அரை மணி நேரத்தில் அவருக்கும் பெயர் விழுந்துவிட்டது: மீட்டர்.

முதல் சுற்று முடிந்ததும் மீட்டர் திரையை நீட்டினார்.

"பாருங்க மேடம், துடிப்பு நூத்தித் தொண்ணூறுக்கு எகிறுது. எதிராளி அடிக்கும்போது இல்ல. நீங்க கத்தும்போது."

"என்னய்யா உளர்றீங்க?"

"இந்தச் சிவப்புக் கோடு ஏறுற ஒவ்வொரு எடமும் உங்க சத்தம்தான். அவங்கள பயமுறுத்துறதே நீங்கதான்."

அக்காவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தூக்கிவிடுவதாக நினைத்து இத்தனை வருடம் அமுக்கிக்கொண்டா இருந்தோம்? துண்டை உருட்டி வாயில் திணித்துக்கொண்டாள்.

இரண்டாம் சுற்றில் கொசு இருமினால் கேட்கும், அவ்வளவு அமைதி. சிவப்புக் கோடு பால் குடித்த பூனையாகப் படுத்துவிட்டது.

"அருமை! நூத்தி நாப்பதுதான்!" என்று மீட்டர் துள்ளினார்.

அருமையெல்லாம் திரையோடு சரி. மேடையில் தங்கை வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். நொடிக்கொரு தரம் மூலையைத் திரும்பிப் பார்த்தாள். திரும்பும்போதெல்லாம் கன்னத்தில் ஒன்று விழுந்தது. எண் இறங்குகிறது, மூக்கு வீங்குகிறது. இதில் எதை நம்புவது?

இடைவேளையில் தங்கை வந்து முக்காலியில் விழுந்தாள்.

"ஏங்க்கா, எம்மேல கோவமா?"

அக்கா துண்டைப் பிடுங்கினாள். "இல்லடி. நான் கத்தினா நீ பயப்படுறியாம். மிஷின் சொல்லுது."

"பயமா? உன் சத்தம் கேட்டா எனக்கு வெறி வரும்க்கா. கேக்கலைன்னா நீ மயங்கி விழுந்துட்டியோன்னு பாக்கத் தோணுது. பாத்தா அவ போடுறா!"

அக்கா மீட்டர் பக்கம் திரும்பினாள். அவர் திரையைத் தட்டினார், தலைகீழாகப் பிடித்தும் பார்த்தார்.

"பயமா வெறியான்னு இதுல வராதுங்க. துடிப்பு மட்டும்தான் வரும்."

"இத மொதல்லயே சொன்னா வாயில முத்தா உதிர்ந்துடும்?"

மூன்றாம் சுற்று. "இடது! இடதுடி, எருமை!" மின்விசிறி நின்று, யோசித்து, எதிர்ப்பக்கம் சுற்றியது. சிவப்புக் கோடு திரையைத் தாண்டி எங்கேயோ போனது. தங்கை வலது கையால் ஒன்று விட்டாள். மறுபடி வலது. இன்னும் ஒன்று வலது. மணி அடித்தபோது நடுவர் அவள் கையைத்தான் தூக்கினார்.

அக்கா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுகை பாதியிலேயே நின்றது.

"ஏண்டி, நான் இடதுன்னுதானே கத்தினேன்?"

"இடதா? நீ சொல்றது என்னைக்குக்கா எனக்குப் புரிஞ்சிருக்கு? ஒரே இரைச்சல்!"

அக்கா மெல்ல முக்காலியில் உட்கார்ந்தாள்.

"மீட்டர், பதினொரு வருஷமா நான் இவளுக்கு என்னதான் சொல்லிக்கொடுத்தேன்? அத அளக்க ஏதாச்சும் வச்சிருக்கீங்களா?"

பாவம் மனிதர், பையைத் திறந்து நிஜமாகவே தேடினார்.