டப்பாவோடு கவிழ்த்த பூச்சிகள்

ஒரு வாரப் பயிற்சி முடிந்து டுலூத் நகருக்குத் திரும்பிய மார்லிஸ், பனி ஒட்டிய பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கண்ணாடித் தொட்டியருகே போனாள். உள்ளே ஒரே கிரீச் சத்தம். எங்கு பார்த்தாலும் சுவர்க்கோழிப் பூச்சிகள். அவள் வளர்க்கும் புள்ளிப் பல்லி வாஃபிளைத்தான் காணோம்.

ஒளிந்துகொள்ள ஈரப்பாசி வைத்த சிறு பெட்டிக்குள் ஒடுங்கிக் கிடந்தது. பாதி உரிந்த தோல், கடிபட்ட விரல்கள், வால் அடியில் ரத்தக்காயம். கண்ணே திறக்கவில்லை.

"டேய் க்ளின்ட்! என்னடா பண்ணி வச்சிருக்க?"

பல்லியைப் பார்த்துக்கொள்ள விட்டுப்போன தம்பி, சோபாவில் பீட்சாவும் டிவி ஹாக்கியுமாக இருந்தான். "ஏன்க்கா? சாப்பாடு குறையக் கூடாதுன்னு பூச்சி டப்பாவ அப்படியே கவுத்துட்டேன். பசிச்சா தின்னுக்கும்ல?"

"மிச்சத்த வெளிய எடுத்துடுன்னு எத்தன தடவ சொன்னேன்! தோல் உரிக்கிறப்ப அது திங்காதுடா. பசியில பூச்சிங்க அதயே கடிச்சிருக்கு!"

"சாப்பாடு போய் ஆளக் கடிக்குமா? நல்லா கதை விடுற!"

வாய்கூசாமல் பேசுகிறானே, பாவி! மார்லிஸ் இடுக்கியை அவன் மடியில் எறிந்தாள். "வா, ஒண்ணு விடாம நீயே பொறுக்கு."

அவன் காலை மடக்கிக்கொண்டான். "ஐயோ, என்னால முடியாதுக்கா. அதப் பாத்தாலே உடம்பெல்லாம் ஊருது."

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. தொட அருவருத்துத்தான் மொத்தமாகக் கொட்டிவிட்டு, அந்தப் பக்கமே தலைகாட்டாமல் இருந்திருக்கிறான்.

"இத போன்ல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கீழ் வீட்டு டோரீனக் கேட்டிருப்பேனேடா! தினமும் விசாரிச்சேனே, 'ராஜா மாதிரி இருக்கு'ன்னியே. எந்த மூஞ்சியோட சொன்ன?"

"ஒரு பல்லிக்காக இந்தக் குதி குதிக்கிற."

அவள் வாஃபிளை வெதுவெதுப்பான துணியில் எடுத்து, மூக்கருகே ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டினாள். அசைவில்லை. இன்னொரு சொட்டு. மெல்ல நாக்கு வெளியே வந்து நக்கியது. மார்லிஸுக்கு அழுகை வந்துவிட்டது.

"பல்லி டாக்டர்கிட்டப் போறேன். என் வீட்டுச் சாவிய வச்சிட்டு நீ கெளம்பு."

அவன் சாவியை மேசையில் வைத்துவிட்டு வாசலில் நின்றான். "அக்கா... பொழச்சுக்கும்ல?"

"இப்பக் கேக்குற பாரு," என்றாள் மார்லிஸ். "இத ஒருநாளாவது தொட்டிய எட்டிப் பாத்துட்டுக் கேட்டிருக்கணும்."